லாக்கரில் வைத்ததும் குழியில் வைத்ததும்



சென்ற இதழில் பழைய நாணயங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, காலை நடைப்பயிற்சியின்போது ஒரு நண்பர் என்னை நிறுத்தினார். "சார், ஏழை, பணக்காரன் என்கிற வித்தியாசம் எப்போது வந்தது? காசு வந்த பிறகுதானே?" என்று கேட்டார். காசுக்குப் பல்லாயிரம் வருடம் முன்பே வந்துவிட்டது என்றேன். அது எப்படித் தெரியும் என்றார். சவக்குழிகளைத் தோண்டிப் பார்த்துத்தான் என்றேன். விடியற்காலையில் ஏன் இந்தப் பேச்சு என்பதுபோல் பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டிவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் இதைப் படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் சனிக்கிழமை படிக்கலாம்.

நான் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவன். படித்தது பி.காம். வரலாறு எனக்குப் பாடமில்லை, பொழுதுபோக்கு. ஆனால் தொல்லியலாளர்கள் செய்கிற ஒரு வேலையை நானும் செய்திருக்கிறேன். லாக்கர் வைத்திருப்பவர் இறந்துவிட்டால், நாமினியும் இரண்டு சாட்சிகளும் அதிகாரியும் நிற்க, பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் போட வேண்டும். "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று" என்றுதான் எழுதுவோம். தங்கம் என்று எழுதக் கூடாது, உரசிப் பார்க்காமல் நமக்கு எப்படித் தெரியும்? இருபது பேரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிடும். அகழாய்வாளரும் இப்படித்தான். அவர் திறப்பது குழி, நாங்கள் திறந்தது இரும்புப் பெட்டி. வேறுபாடு என்னவென்றால், அவருக்கு முன்னால் நாமினி வந்து நிற்பதில்லை.

இந்தக் கணக்கில் எல்லோரும் முதலில் சொல்லும் ஊர் வார்னா. பல்கேரியா நாட்டில், கருங்கடல் கரையில் உள்ள துறைமுக நகரம். 1972 அக்டோபரில் அங்கே ஒரு தொழிற்சாலைக்குக் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவர் ரைச்சோ மரினோவ், 22 வயது இளைஞர். மண்ணோடு சேர்ந்து வளையங்களும் தகடுகளும் மேலே வந்தன. அவர் அதைத் தங்கம் என்று நினைக்கவில்லை. பொறுக்கி ஒரு ஷூ பெட்டியில் போட்டு வைத்து, பிறகு தன் பழைய வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பினார். இவான் இவானோவ் என்ற தொல்லியலாளர் தலைமையில் அகழாய்வு தொடங்கியது. அந்த ஆசிரியர் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் நடத்தியிருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. இல்லாவிட்டால் அந்தப் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்குமோ.

ஏறத்தாழ 300 குழிகளைத் திறந்தார்கள். காலம் கி.மு. 4600க்கும் 4300க்கும் இடையில். எகிப்தின் பெரிய பிரமிடு எழும்புவதற்குச் சுமார் 2,000 வருடம் முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கிடையாது, சக்கர வண்டி கிடையாது, அரசன் என்று ஒருவன் இருந்ததற்கு வேறு எந்த அடையாளமும் கிடையாது. ஆனால் தங்கம் மட்டும் சுமார் 6 கிலோ, 3,000க்கு மேற்பட்ட உருப்படிகளாக. பவுன் கணக்கில் சொன்னால்தான் நமக்குப் பிடிபடும்: 750 பவுன்.

இந்த 750 பவுன் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். ஐந்து குழிகளைத் திறந்தால் ஒன்றில்தான் தங்கம் இருந்தது. அந்த ஒன்றிலும் பெரும்பாலும் ஒரு மணி, ஒரு சின்ன வளையம் என்ற அளவில்தான். மொத்தத் தங்கத்தில் சுமார் முக்கால் பங்கு நான்கே குழிகளுக்குள் இருந்தது. முந்நூறில் நான்கு! மீதிக் குழிகளில் மண்பானை, கல் கத்தி, எலும்பு ஊசி இப்படி. சிலவற்றில் அதுவும் இல்லை.

அந்த நான்கில் புகழ் பெற்றது 43ஆம் எண் குழி. நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண், அந்தக் காலத்துக்கு நல்ல உயரம், ஐந்தே முக்கால் அடி இருக்கும். அவருடன் 990 தங்க உருப்படிகள், எடை ஒன்றரைக் கிலோ, அதாவது 187 பவுன். கை நிறையக் கனமான வளையங்கள், கழுத்தில் மணிகள், உடை முழுவதும் தைத்த வட்டத் தகடுகள், பக்கத்தில் செம்புக் கோடரிகள், தங்கம் சுற்றிய காம்புடன் ஒரு கல் கோடரி. அது வெட்டுவதற்கு இல்லை, கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு, செங்கோல் மாதிரி. இடுப்புக்குக் கீழே அணிவித்த ஒரு தங்க உறையும் உண்டு. இது குடும்பத்தோடு படிக்கும் இதழ் என்பதால் அதை நான் விவரிக்கப் போவதில்லை.

இத்தனை செல்வம் எங்கிருந்து வந்தது? அந்த வட்டாரத்தில் செம்புச் சுரங்கங்கள் இருந்தன. செம்பை உருக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உள்நாட்டில் புரோவாடியா என்ற இடத்தில் உப்பு ஊற்று; அந்த நீரைக் காய்ச்சி உப்பெடுத்த சூளைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். குழிகளில் கிடைத்த ஸ்பாண்டிலஸ் என்னும் சிப்பி கருங்கடலில் கிடைப்பதில்லை, ஏஜியன் கடல் பக்கத்திலிருந்து வர வேண்டும். உப்பும் செம்பும் போக, சிப்பி வர, நடுவில் கை மாற்றி விட்டவர்கள் கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வணிகவியல் படித்த எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது. உற்பத்தி செய்பவரைவிட நடுவில் நிற்பவருக்கு லாபம் என்பது இன்று கோயம்பேட்டில் வெங்காயம் வாங்கும் எவருக்கும் தெரியும்.

ஆக, சமத்துவமின்மைக்குச் சான்று கிடைத்துவிட்டது, கட்டுரை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் ஆரம்பித்தது. அதற்குக் காரணம் ஒரு நகைக்கடன்.

1980களின் கடைசியில் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய கிளையில் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். ஒருநாள் காலை கிளையைத் திறக்கும்போதே ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சங்கிலி, அவன் அம்மாவுடையது. இரவு அப்பா இறந்துவிட்டார். "சார், எல்லாருக்கும் முன்னாடி என்னைப் பாத்து விட்டுடுங்க. பூப்பல்லக்குக்குச் சொல்லியாச்சு. தப்புக்காரங்க வந்து ஒக்காந்திருக்காங்க" என்றான். எடை இரண்டே முக்கால் பவுன். அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அப்ரைசரைக் கெஞ்சி அரை மணியில் பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். மதியம் ஊர்வலம் கிளை வாசல் வழியாகத்தான் போனது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். பூப்பல்லக்கு, நாதஸ்வரம், தப்பு, வெடி, வழியெல்லாம் பூ. அந்தத் தெருவில் அப்படி ஒரு சாவு அதற்கு முன் போனதில்லை என்றார் எங்கள் கடைநிலை ஊழியர். அந்தச் சங்கிலியை அவர்கள் மீட்கவே இல்லை. இரண்டு முறை வட்டி கட்டினார்கள். பிறகு நோட்டீஸ். பிறகு ஏலம். ஏல நோட்டீஸைத் தட்டச்சு செய்தது நான்.

அதே ஊரில் ஒரு பெரிய நிலக்கிழார். எங்கள் கிளையில் இரண்டு லாக்கர். அவர் இறந்தபோது பச்சை ஓலைப் பாடை, ஒரு கோடித்துணி, வாய்க்கரிசி, ஒரு சங்கு. அவ்வளவுதான். அவர்கள் வழக்கம் அப்படி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன்கள் வந்து லாக்கரைத் திறந்தார்கள். பட்டியல் எழுத எனக்கு நான்கு தாள் பிடித்தது.

இந்த இரண்டு சாவையும் நாளை ஒருவர் தோண்டிப் பார்த்தால் எது பணக்காரர் வீடு என்று எழுதுவார்? குழியில் இருப்பது இறந்தவரின் கணக்கு இருப்பு இல்லை. இருப்பவர்கள் போட்ட செலவு வவுச்சர். செலவு வவுச்சரை வைத்துக்கொண்டு ஒருவரின் சொத்து மதிப்பைச் சொல்ல முடியாது. எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வார்னாவிலேயே இதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. தங்கம் குவிந்த அந்த நான்கு குழிகளில் மூன்றில் உடலே இல்லை! குழி வெட்டி, நகை அடுக்கி, ஆயுதம் வைத்து, ஆள் இல்லாமல் மூடியிருக்கிறார்கள். வேறு சில குழிகளில் உடலுக்குப் பதிலாகக் களிமண்ணில் முகம் செய்து, அதற்குத் தங்கத்தில் கண்ணும் வாயும் பதித்து வைத்திருக்கிறார்கள். தொலைவில் இறந்தவர்களுக்காகவா, தெய்வத்துக்காகவா, பதவிக்காகவா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் ஒன்று தெளிவு: அந்தத் தங்கத்தை மண்ணுக்குள் போடுவதை ஊரே நின்று பார்க்க வேண்டும் என்று உயிரோடு இருந்த யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இதை 1945லேயே கார்டன் சைல்ட் என்ற பேரறிஞர் வேறு விதமாகச் சொல்லிவிட்டார். பல்லாயிரம் வருட ஈமச் சடங்குகளை வரிசையாக வைத்துப் பார்த்த அவர், ஒரு சமூகம் நிலைபெற்று வளம் பெருகும்போது குழிக்குள் போகும் பொருள் கூடுவதில்லை, குறையத்தான் செய்கிறது என்றார். ஆடம்பரமான அரச சமாதிகள் வருவது அதிகாரம் புதிதாக முளைக்கும்போதும் ஆட்டம் காணும்போதும். நாற்காலி உறுதியாக இருப்பவனுக்குக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

சரி, அப்படியானால் குழிகளை நம்பவே கூடாதா? அதுவும் இல்லை. சில குழிகளுக்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். குழந்தைகளின் குழி அப்படி ஒன்று.

மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் நகரத்தை ஒட்டி சுங்கிர் என்ற இடம். அங்கே சுமார் 34,000 வருடங்களுக்கு முன்பு, மாமத் யானைகளை வேட்டையாடிய மக்கள் இரண்டு பையன்களைத் தலைக்குத் தலை சேர்த்து ஒரே நீளக் குழியில் கிடத்தியிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பத்து வயது போல, மற்றவனுக்குப் பன்னிரண்டு போல. உடல்மீது செங்காவித் தூள். இருவர் உடையிலும் சேர்த்து மாமத் தந்தத்தில் செதுக்கிய மணிகள் 10,000க்கு மேல். நரிப் பற்கள் கோத்த இடுப்பு அலங்காரம். நேராக்கிய தந்தத்தில் செய்த ஈட்டிகள், ஒன்று 2.4 மீட்டர் நீளம். வளைந்த தந்தத்தை எப்படி நேராக்கினார்கள் என்பதே தனி ஆச்சரியம்.

ஒரு மணியைச் செதுக்கித் துளையிட ஒரு மணி நேரம் ஆகும் என்று, அதே முறையில் செய்து பார்த்துக் கணக்குச் சொல்கிறார்கள். அப்படியென்றால் 10,000 மணி நேரம். ஒரு ஆள் நாளைக்கு எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை இல்லாமல் உட்கார்ந்தால் மூன்று வருடத்துக்கு மேல். அதே இடத்தில் புதைத்த ஒரு வளர்ந்த ஆணுக்குக் கிடைத்தவை சுமார் 3,000 மணிகள்தான். பத்து வயதுப் பையன் எதைச் சாதித்திருக்க முடியும்? வேட்டையில் வீரம் காட்டியிருப்பானா, ஊருக்குத் தலைமை தாங்கியிருப்பானா? பிறப்பால் வந்த தகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தானியக் கிடங்கு இல்லாத, நிலம் இல்லாத, லெட்ஜர் இல்லாத வேட்டைச் சமூகத்திலேயே வாரிசுரிமை வந்துவிட்டது என்றால், விவசாயம் வந்த பிறகுதான் ஏற்றத்தாழ்வு வந்தது என்று நாம் பள்ளியில் படித்தது ஆட்டம் காண்கிறது.

மறு சாரார் வேறொன்றைக் காட்டுகிறார்கள். அந்தச் சிறிய பையனின் தொடை எலும்புகள் இரண்டும் வில்போல் வளைந்திருக்கின்றன. நடக்கச் சிரமப்பட்டிருக்கலாம். இருவரும் சகோதரர்களாக இருக்கலாம் என்று நினைத்திருந்தார்கள். 2017ல் மரபணுவைச் சோதித்ததில் நெருங்கிய உறவு கூட இல்லை என்று தெரிந்தது. ஆக, இது ராஜகுமாரர்களின் குழியா, அல்லது வித்தியாசமாகப் பிறந்து அகாலத்தில் போனவர்களுக்கு ஊர் செய்த சாந்தியா? நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். காரணம் ஆராய்ச்சி இல்லை. கால் வளைந்த பிள்ளையைப் பத்து வயது வரை வளர்த்த கூட்டம் அது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மணி செதுக்கியவர்கள் கட்டளைக்குப் பயந்துதான் செதுக்கினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர் என்ற நகரத்துக்கு வரும்போது இப்படி இரக்கப்பட இடமில்லை. நம் 'ஊர்' இல்லை. இன்றைய ஈராக்கின் தெற்கில் இருந்த சுமேரிய நகரத்தின் பெயரே அதுதான். லெனார்ட் வூலி என்ற ஆங்கிலேயர் 1922 முதல் 1934 வரை அங்கே தோண்டினார். கிட்டத்தட்ட 1,850 புதைகுழிகள். பெரும்பாலானவற்றில் நாணல் பாயில் சுற்றிய உடல், ஓரிரு பானை, சில மணி, வாயருகே பிடித்தபடி ஒரு குவளை. பதினாறை மட்டும் வூலி அரச சமாதிகள் என்றார். கி.மு. 2500ஐ ஒட்டிய காலம். புவாபி என்ற அரசியின் தலையில் இருந்த தங்க இலை மாலைகளின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சமாதிகளில் வைத்த ஈமப்பொருட்களில் மனிதர்களும் இருந்தார்கள். பெரிய மரணக் குழி என்று வூலி பெயரிட்ட ஒன்றில் 74 பேர்: 68 பெண்கள், 6 ஆண்கள். வரிசை வரிசையாக, அலங்காரம் கலையாமல். அருகில் குவளைகள் இருந்ததால், எஜமானரோடு போவதைப் பாக்கியமாகக் கருதி விஷத்தை அவர்களாகவே குடித்துவிட்டு அமைதியாகப் படுத்திருக்கிறார்கள் என்று வூலி எழுதினார். எழுபது எண்பது வருடம் இந்தக் கதைதான் புத்தகங்களில் ஓடியது. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்று பெண்ணுடையது, ஒன்று காவல் வீரனுடையது. இரண்டிலும் கூர்மையான ஆயுதத்தால் அடித்த ஓட்டை. உடல்கள் சடங்கு முடியும்வரை கெடாமல் இருக்கச் சூடு காட்டிப் பாதரசச் சேர்மம் பூசிய தடயமும் தெரிந்தது. இந்த ஆய்வு 2011ல் வெளியானது. விருப்பத்தோடு போனார்கள் என்று யார் சொன்னாலும், ரசீதில் கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம்.

அந்த 68 பெண்களில் ஒருத்தியைப் பற்றி வூலி எழுதியிருப்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் தலையில் தங்கத்திலோ வெள்ளியிலோ ரிப்பன் கட்டியிருந்தார்கள். இவள் தலையில் இல்லை. இடுப்பருகே, உடையின் பைக்குள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெள்ளி ரிப்பன் சுருட்டியபடியே கிடைத்தது. சுருள் பிரியவே இல்லை. கிளம்ப நேரமாகிவிட்டது, போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பாள் என்கிறார் வூலி. பள்ளிக்கூட வேனைப் பிடிக்க நம் வளாகத்துப் பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த ரிப்பன் ஞாபகம் வருகிறது. என் மனைவிக்கு இது பிடிக்காது, "எதைப் பார்த்தாலும் சமாதியா" என்பாள்.

அந்தச் சமாதிகளில் கிடைத்த நீலக்கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தது. சிவப்பு மணிகளில் சில, நீளமாகத் துளையிட்டவையும் வெள்ளைக் கோலம் போட்டவையுமான சூதுபவள மணிகள், சிந்துவெளியில் செய்தவை. நம் துணைக்கண்டத்து மணி ஊரின் சமாதிக்குள் போயிருக்கிறது. அப்படியானால் மணி செய்து அனுப்பிய சிந்துவெளிக்காரர்களின் சமாதிகள் எப்படி இருந்தன?

அங்கேதான் வேடிக்கை. ஹரப்பாவில் ஆர் 37 என்று எண்ணிட்ட இடுகாட்டை நன்றாகத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். தலை வடக்கே, கால் தெற்கே, சுற்றிலும் பானைகள். பெண்களுக்குக் கையில் சங்கு வளையல், சிலருக்குச் செம்புக் கண்ணாடி. அரச சமாதி என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை. இதை வைத்து, சிந்துவெளியில் எல்லோரும் சமம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் கராச்சிக்குப் பக்கத்தில் அல்லாதீனோ என்ற சின்னக் குடியிருப்பில் ஒரு பானைக்குள் ஒளித்து வைத்த நகைக் குவியல் கிடைத்தது. தங்கம், வெள்ளி, அதோடு 36 நீளமான சூதுபவள மணிகள் கோத்த ஒட்டியாணம். அந்த மணிகளைத் துளையிடும் கல் துரப்பணம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத்தான் இறங்கும். அப்படி ஒரு ஒட்டியாணத்துக்குக் கைதேர்ந்த ஒரு ஆள் ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிந்துவெளிக்காரர்கள் நகையைப் பிணத்தோடு புதைக்கவில்லை. வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் நிலக்கிழார் மாதிரி. குழி காலி, லாக்கர் நிறைவு.

இதனால்தான் இப்போதெல்லாம் குழியை மட்டும் நம்பாமல் வீட்டையும் அளக்கிறார்கள். 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அறுபதுக்கும் மேற்பட்ட பழைய குடியிருப்புகளின் வீட்டுப் பரப்பளவுகளை எடுத்து, பொருளாதாரத்தில் நாம் படித்த கினி குறியீட்டைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோர் வீடும் ஒரே அளவென்றால் பூஜ்யம், ஒருவரிடமே எல்லாம் என்றால் ஒன்று. வேட்டைச் சமூகங்களில் குறைவு, விவசாயத்தில் அதிகம். அதிலும் ஏர் உழ மாடு இருந்த ஐரோப்பா, ஆசியப் பக்கத்தில், மாடில்லாத அமெரிக்கக் கண்டத்தைவிட அதிகம். மாடு உள்ளவன் இல்லாதவனைப்போலப் பல மடங்கு நிலம் உழுவான். மாட்டுக்கடன் கொடுத்த வங்கிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டையும்விட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு. எலும்பு. மேலே போடும் பூவும் பொன்னும் அடுத்தவர் வைத்தது. எலும்பு அவரவர் சாப்பிட்டதிலும் சுமந்ததிலும் வளர்ந்தது. கிரேக்க நாட்டு மைசீனியில், கி.மு. 1600, 1500 வாக்கில், அரச குழிகளில் கிடந்தவர்கள் சாதாரணக் குழிகளில் கிடந்தவர்களைவிட இரண்டு அங்குலம் போல உயரம் அதிகம். சொத்தைப் பல்லும் குறைவு. வார்னாவின் தங்கத்தைப் பற்றி நான் கேட்ட கேள்வியை இங்கே கேட்க முடியாது. உயரத்தைக் கடன் வாங்கிக் காட்ட முடியாதே.

எகிப்தில் அகெநாதன் என்ற மன்னன் கி.மு. 1350ஐ ஒட்டி அமர்னா என்ற புதுத் தலைநகரத்தை அவசர அவசரமாகக் கட்டினான். அங்கே அதிகாரிகளின் பாறைக் கல்லறைச் சுவர்களில் பார்த்தால் கோயில் மேசைகளில் இறைச்சியும் ரொட்டியும் பழமும் மலைபோல் குவிந்திருக்கும். அதே நகரத்தின் சாதாரண மக்களைப் புதைத்த மணற்காட்டை 2006 முதல் தோண்டினார்கள். பாயில் சுற்றிய உடல்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகள், சத்துக்குறைவின் தழும்பு விழுந்த எலும்புகள், பாரம் தூக்கி நசுங்கிய முதுகெலும்புகள், இளம் வயதிலேயே தேய்ந்த மூட்டுகள். நகரத்தின் வடக்கே இன்னொரு இடுகாட்டில் கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு 7 வயதிலிருந்து 25 வயதுக்குள். பெற்றோர் இல்லை, முதியவர் இல்லை, கைக்குழந்தை இல்லை. சில குழிகளில் இரண்டு மூன்று பேரை ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். வேலைக்கென்று பிடித்துவரப்பட்ட சிறுவர் சிறுமியர் என்று சந்தேகிக்கிறார்கள். சுவரில் விருந்து, மணலில் இவர்கள். நடுவில் சில கிலோமீட்டர்தான்.

நம் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்காரரான ஷ்லீமன் மைசீனியின் தங்கத்தைத் தோண்டி எடுத்தது 1876ல். அதே 1876ல் இன்னொரு ஜெர்மானியர், ஜாகோர் என்பவர், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டிப் பொருட்களை பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவர் 1900ஐ ஒட்டிய வருடங்களில் விரிவாகத் தோண்டினார். 114 ஏக்கர் பரப்பில் தாழிகளின் காடு அது. சிலவற்றில் நெற்றியில் கட்டும் பொன் பட்டம், வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள்; ஏராளமான தாழிகளில் எலும்பும் சில சட்டிகளும் மட்டும். ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் ஒரே ஒரு ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கொடுமணல் மணி செய்பவர்களின் ஊர். அந்த மணிகளைச் செய்தவரின் குழியா அது, செய்ய வைத்தவரின் குழியா என்று எனக்கு அறிந்துகொள்ள ஆசை.

நகைக்கடன் கேட்டு வந்த அந்தப் பையனுக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது இருக்கும். அவனைக் கேட்டால் அந்த ஊர்வலத்தை வீண் செலவு என்று சொல்லமாட்டான் என்றே நினைக்கிறேன். பண்ணையில் கூலி வேலை பார்த்த அப்பாவை ஒரு நாளாவது தெரு எழுந்து நின்று பார்த்தது. நாங்களும் எழுந்து நின்றோமே. அவன் அம்மா கழுத்தில் சங்கிலி இல்லாமல் வந்து வட்டி கட்டிய இரண்டு முறையும் கவுண்டரில் இருந்தது நான்தான். இரண்டும் ஒரே கணக்கில் வருமா, வெவ்வேறு கணக்கா என்று இன்னும் எனக்குப் பதிவு போடத் தெரியவில்லை.

ஆதிச்சநல்லூரில் ரீ எடுத்த பொருட்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பொன் பட்டத்தோடு நின்றுவிடாமல் தாழிகளையும் கொஞ்ச நேரம் பாருங்கள். சங்கத்தின் சார்பில் ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வர விரும்புபவர்கள் வாயிலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.